கேஷுவாலிட்டில லீன் கொண்டு வர்றது ஆளக் குறைக்கத்தானே?

வாசகர் கேள்வி, 4 ஜூன் 2025, காலை 9:12

எங்க ஆஸ்பத்திரில லீன் மேனேஜ்மென்ட்னு ட்ரெய்னிங் போட்டாங்க, டொயோட்டா கார் கம்பெனிலருந்து வந்த, வேலைல வீணாப் போறதக் குறைக்கற முறையாம். கார் கம்பெனில இருந்த ஒருத்தர் வந்து கேஷுவாலிட்டில ஏகப்பட்ட வேஸ்ட் இருக்கு, அங்கருந்து ஆரம்பிங்கன்னு சொல்லிட்டுப் போனார். இப்ப நைட் ஷிஃப்ட்ல ஒரு ஸ்டாஃப் நர்ஸக் குறைக்கப் போறாங்கன்னு பேச்சு. கார் பண்றதும் உயிரக் காப்பாத்துறதும் ஒண்ணா? இது எந்த ஊர்லயாவது நெஜமா வேல செஞ்சிருக்கா, இல்ல கன்சல்டன்ட் பொழப்புக்காகச் சொல்றதா?

4 ஜூன், இரவு 11:05

தம்பி, நான் கேஷுவாலிட்டில ஸ்டாஃப் நர்ஸா சேந்து இப்ப அதே இடத்துல சூப்பர்வைசரா இருக்கேன், தனியார் ஆஸ்பத்திரி, பெரிய ஊர் இல்ல. லீன் வேல செய்யும். ஆனா நைட்ல நர்ஸக் குறைக்கறது லீன் இல்ல, அது சம்பளச் செலவக் குறைக்கறது, ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டு பேசறவங்க யாரா இருந்தாலும் அந்த எடத்துலயே தடுத்து நிறுத்துங்க.

டொயோட்டால இந்த முறைய உருவாக்கின இன்ஜினியர் தைய்ச்சி ஓனோ வேஸ்ட்னு ஏழு விஷயம் சொன்னார். தேவைக்கு மேல செய்றது, காத்துக் கிடக்கறது, ஒரு எடத்துலருந்து இன்னொரு எடத்துக்குத் தூக்கிட்டு அலையறது, வேண்டாத வேல, சரக்கு தேங்கறது, வீணா நடக்கறது, பழுது. இதுல ஆளுங்க எங்க இருக்காங்க? கேஷுவாலிட்டில யார் காத்துக் கிடக்கறா? பேஷன்ட். யாரத் தூக்கிட்டு அலையறோம்? பேஷன்ட்ட. அப்ப வேஸ்ட்ட பேஷன்ட் பக்கத்துலருந்து பாத்து எண்ணணும், நர்ஸ் ரெண்டு நிமிஷம் ஸ்டூல்ல உக்காந்துட்டாளான்னு பாக்கக்கூடாது.

எங்க நடந்துச்சுன்னு நாளைக்கு எழுதறேன், கண்ணு சொக்குது.

5 ஜூன், மதியம் 2:30

அமெரிக்கால செயின்ட் லூயிஸ்ல பார்ன்ஸ் ஜூயிஷ்னு ஒரு ஆஸ்பத்திரி. ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு ரத்தக்கட்டி கரைக்கற ஊசி போடறதுக்கு வாசல்லருந்து எவ்ளோ நேரம் ஆகுதுன்னு டொயோட்டா முறைலயே உக்காந்து படம் போட்டாங்க, டாக்டர், நர்ஸ், ஆம்புலன்ஸ் ஆளுங்க, ஸ்கேன், லேப், எல்லாரும் சேந்து. பாத்தா, பேஷன்ட்ட கேஷுவாலிட்டி ரூமுக்கு கொண்டு போய் படுக்க வெச்சு, பாத்து, அப்புறம் சிடி ஸ்கேனுக்கு தள்ளிட்டுப் போய், திரும்ப ரூமுக்குக் கொண்டு வந்து, லேப் ரிசல்ட்டுக்கு காத்திருந்து, எல்லாமே ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்ததுன்னு வரிசையா நடக்குது. மாத்தினது என்னன்னா, ஆம்புலன்ஸ்லருந்து நேரா சிடி, டீம் அங்கயே வந்து பாக்கறது, ரத்த டெஸ்ட் பக்கத்துலயே சின்ன மெஷின்ல, எல்லாம் ஒரே நேரத்துல. சராசரி 60 நிமிஷமா இருந்தது 39 ஆச்சு. ஒரு மணி நேரத்துக்குள்ள ஊசி போட்டவங்க 52 சதவீதத்துலருந்து 78 ஆனாங்க. இது 2012ல ஆய்வுக் கட்டுரையாவே வந்தது. யாரும் வேகமா ஓடல. ஓட வேண்டிய தூரம் குறைஞ்சுது.

பின்லாந்துல ஹெல்சின்கில இன்னும் போனாங்க. அங்க லீன்னு பேர் வெக்கல, செஞ்சது அதேதான். 1998ல 105 நிமிஷம், 2011ல 20 நிமிஷம். பதிமூணு வருஷம் ஒவ்வொண்ணா மாத்தியிருக்காங்க: ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடியே போன், பேஷன்ட் வழில இருக்கறப்பவே பழைய கேஸ் விவரம் எடுத்து வெக்கறது, ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர்லயே சிடி டேபிள் வரைக்கும் போறது, ஊசிய அந்த சிடி டேபிள்லயே போடறது. எனக்கு இதுல பிடிச்சது அந்தப் பொறுமைதான். ஒரு ட்ரெய்னிங்ல வந்ததில்ல.

5 ஜூன், இரவு 10:50

மேல எழுதினதோட ஒண்ணு சேக்கணும். ஹெல்சின்கி முறைய மெல்பர்ன்ல ராயல் மெல்பர்ன் ஆஸ்பத்திரில நாலே மாசத்துல கொண்டு வந்தாங்க, பகல் வேல நேரத்துல 25 நிமிஷத்துக்கு வந்துருச்சு. ஆனா ராத்திரியும் லீவு நாள்லயும் பெருசா எறங்கல. ஏன்? ராத்திரில ஆளு இல்ல. அவ்ளோதான் விஷயம். முறை எவ்ளோ நல்லா இருந்தாலும் அதச் செய்ய நிக்கறதுக்கு ஆள் வேணும், தம்பியோட நைட் நர்ஸ் கேள்விக்கு இதவிட நேரா ஒரு பதில் எனக்குத் தெரியல.

7 ஜூன், காலை 6:40

நைட் முடிச்சுட்டு எழுதறேன், கோர்வையா இருக்காது.

"நம்ம ஊர்ல சிடிக்கு நேரா போனா மட்டும் என்ன ஆகும், பில்லு கட்டாம உள்ள விடுவாங்களா"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். அதான் விஷயமே. நாங்க செஞ்சது என்னன்னா, ஒரு நோட்டும் வாட்சும் எடுத்துக்கிட்டு ஸ்ட்ரோக் கேஸ் ஒவ்வொண்ணு பின்னாடியும் நடந்தோம். வேல நடக்கறப்ப மூச்சு விடாம நடக்குது, நடுநடுல பேஷன்ட் சும்மா கெடக்கறார். எங்கன்னு பாத்தா, ரிஜிஸ்ட்ரேஷன்ல ஐடி நம்பர் வரணும், அது வந்தாத்தான் சிடி ரிக்வெஸ்ட் போட முடியும், பையன் பில்லிங் கவுண்டர்ல அட்வான்ஸ் கட்டி ரசீது கொண்டு வரணும், ரசீது வந்தப்புறம் ட்ராலி தள்ள ஆள் தேடணும், அந்த அண்ணன் அப்பதான் வார்டுக்கு இன்னொரு கேஸக் கொண்டு போயிருப்பார், லிஃப்ட் மேல நிக்கும். இதுல எதுவுமே டாக்டர் வேலயும் இல்ல நர்ஸ் வேலயும் இல்ல. அப்பாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துருச்சு, பையன் கவுண்டர் வரிசைல கையில கார்டோட நிக்கறான். அந்தப் பையன் முகத்த நீங்க ஒரு தடவ பாத்திருந்தா போதும், லீன் கார் கம்பெனி சமாச்சாரம்னு சொல்ல வாய் வராது.

ஸ்ட்ரோக், நெஞ்சு வலி, பெரிய அடி, இந்த மூணுக்கும் முன்கூட்டியே தற்காலிக ஐடி போட்டு அடுக்கி வெச்ச ஃபைல், காசு அப்புறம். இத நிர்வாகத்துகிட்ட வாங்கறதுக்குத்தான் பாடு. காசு வராமப் போயிடும்னு பயந்தாங்க. அக்கவுன்ட்ஸ் மேடமையே கூப்பிட்டு ஒரு கேஸ் பின்னாடி நடக்கச் சொன்னோம். அவங்கதான் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாங்க.

7 ஜூன், மாலை 5:15

தூங்கி எழுந்து பாத்தா கேள்வி குவிஞ்சிருக்கு.

எமர்ஜென்சி ட்ரே, க்ராஷ் கார்ட் (உயிருக்குப் போராடற கேஸுக்கு உடனே இழுத்துட்டு வர்ற மருந்து வண்டி) அடுக்கறதெல்லாம் லீனான்னு கேட்டவங்களுக்கு: ஆமா. எல்லா பெட் பகுதிலயும் ஒரே டிராயர்ல ஒரே மருந்து. அட்ரினலின் மேல் டிராயர் இடது ஓரம்னா எந்த கார்ட்லயும் அங்கதான். செக் பண்ணி முடிச்சதும் நம்பர் போட்ட பிளாஸ்டிக் சீல் மாட்டிடணும், சீல் உடையலன்னா அடுத்த ஷிஃப்ட் உள்ள கொட்டி எண்ண வேண்டாம், நம்பரையும் முதல்ல எக்ஸ்பைரி ஆகற மருந்தோட தேதியையும் பாத்தா போதும். தொண்டைல டியூப் போடறப்ப உள்ள பாக்கற லாரிங்கோஸ்கோப்போட லைட் எரியுதான்னு மட்டும் தெனமும் பாக்கணும், அதுல சமாதானம் கிடையாது. ஹேண்ட் ஓவர் நேரம் இதுலயே குறைஞ்சுது, அந்த நேரம் பேஷன்ட் கிட்ட போச்சு.

9 ஜூன், இரவு 9:20

"சின்னக் காய்ச்சல் கேஸெல்லாம் தனி வரிசைல சீக்கிரம் அனுப்பறது நியாயமா, பெரிய கேஸ் காத்திருக்கறப்ப"ன்னு மதுரைலருந்து ஒரு டாக்டர் எழுதியிருக்கார். நானும் ரொம்ப நாள் மனசுல போட்டுப் பெரட்டினது இது.

அடிலெய்ட்ல ஃப்ளிண்டர்ஸ் மெடிக்கல் சென்டர்னு ஒண்ணு. 2003 கடைசில ஆரம்பிச்சாங்க, கேஷுவாலிட்டில லீன்னு பேச்செடுத்தா முதல்ல வர்ற பேர்கள்ல அதுவும் ஒண்ணு. அங்க நோயோட தீவிரத்த வெச்சு மட்டும் வரிசை போட்டதுல ஒரு சிக்கல். ஆஸ்திரேலியா முறைல அஞ்சு படி, முதல் படி உடனே, ரெண்டாவது 10 நிமிஷம், மூணாவது 30, நாலாவது 60, அஞ்சாவது 120. கீழ்ப்படிகாரர் பாதி தூரம் நகந்ததும் மேல்படிகாரர் ஒருத்தர் வருவார், இவர் மறுபடி பின்னால போவார், வரிசைய திரும்பத் திரும்ப அடுக்கிட்டே இருக்கணும். அவங்க செஞ்சது, உயிருக்கு ஆபத்தானவங்கள அப்படியே முதல்ல பாத்துட்டு, மத்தவங்கள ரெண்டு வழியா பிரிச்சாங்க. வீட்டுக்குப் போகப் போறவர் ஒரு பக்கம், அட்மிஷன் ஆகப் போறவர் ஒரு பக்கம். ரெண்டுக்கும் தனி டீம், உள்ள வந்த வரிசைப்படி. ஒரு வருஷத்துல சராசரியா ஒரு பேஷன்ட் உள்ள இருக்கற நேரம் 48 நிமிஷம் குறைஞ்சுது.

நியாயம்னா இப்படிப் பாருங்க டாக்டர், சின்னக் கேஸ் பெரிய கேஸோட டாக்டரையும் பெட்டையும் எடுத்தாத்தான் அநியாயம். அதுக்கு நாற்காலியும் ஒரு டாக்டரும் ஒரு நர்ஸும் தனியா இருந்தா யாரோடதையும் எடுக்கல. ஆனா தனி டீம் போடறதுக்கு ஆள் இல்லாத சின்ன ஆஸ்பத்திரில, ராத்திரி ரெண்டு டாக்டர் மட்டும் இருக்கற எடத்துல, பிரிச்சா ரெண்டு பக்கமும் அரைகுறையாகும். எங்ககிட்ட சாயங்காலம் 6லருந்து ராத்திரி 11 வரைக்கும்தான் தனி வழி ஓடுது, ஓபி மூடினதும் கூட்டம் இங்க வர்றதால.

9 ஜூன், இரவு 9:48

பதினோரு மணிக்கு மேல அந்த வழிய மூடிடறதுதான் நல்லதுன்னு இப்ப இன்னும் உறுதியா தோணுது. அந்நேரம் வர்றது சின்னக் கேஸ் மாதிரி தெரியும், இருக்காது. ராத்திரி மூணு மணிக்கு "கேஸ் ட்ரபுள்"னு சொல்லிட்டு தனியா ஆட்டோ பிடிச்சு வர்ற அம்பது வயசுக்காரருக்கு முதல்ல ஈசிஜி, அப்புறம்தான் மத்ததெல்லாம்.

12 ஜூன், மதியம் 1:10

ஒரு இன்ஜினியர் சார் கணக்கு கேட்டிருக்கார். சொல்றேன், இது எளிமையானது, ஜான் லிட்டில்ங்கறவர் 1961ல நிரூபிச்சது. உள்ள இருக்கறவங்க எண்ணிக்கை = மணிக்கு வர்றவங்க × ஒருத்தர் தங்கற நேரம். மணிக்கு 6 பேர் வந்து ஆளுக்கு 3 மணி நேரம் இருந்தா எப்பவும் 18 பேர் உள்ள இருப்பாங்க. 12 பெட் வெச்சிருக்கற கேஷுவாலிட்டில மீதி ஆறு பேர் ட்ராலிலயும் வராண்டாலயும். வர்றவங்கள நம்ம நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. தங்கற நேரம் 2 மணி ஆனா 12 பேர்.

அந்த 3 மணி நேரத்துல பாதி எதுலன்னு நெனைக்கறீங்க? மேல வார்டுல பெட்டுக்கு.

12 ஜூன், இரவு 11:30

மதியம் அவசரத்துல விட்டதத் தொடர்றேன், இதுதான் எனக்கு முக்கியம், யாரும் கோவிச்சுக்காதீங்க, நீளமா இருக்கும்.

கேஷுவாலிட்டி நெரிசலுக்கு காரணம் கேஷுவாலிட்டில இல்ல. கல்யாணப் பந்தில சாப்ட்டு முடிச்சவங்க எழுந்திரிக்காம பேசிட்டு இருந்தா வாசல்ல நிக்கறவங்கள வரிசைப்படுத்தி என்ன பிரயோஜனம். மேல வார்டுல காலைல பத்து மணி ரவுண்ட்ஸ்ல டிஸ்சார்ஜ்னு சொன்ன பேஷன்ட் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் கிளம்பறார், அதுக்கப்புறம் ரூம் க்ளீனிங், கீழ இருக்கறவர் மேல போகறப்ப எட்டு. கூட்டம் வர ஆரம்பிக்கறதும் அதே நேரம். நடுல என்ன நடக்குது: டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகணும், மீந்த மருந்து ஃபார்மசிக்குத் திரும்பணும், பில் குளோஸ் ஆகணும், அதுக்கப்புறம் டிபிஏ, அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக பில் பாக்கற எடம், அவங்க அப்ரூவல். இன்ஷூரன்ஸ்காரங்க டிஸ்சார்ஜ் அப்ரூவல மூணு மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும்னு 2024 மே மாசம் இன்ஷூரன்ஸ ஒழுங்குபடுத்தற ஐஆர்டிஏஐ சொல்லிடுச்சு. ஆனா நம்ம பக்கத்துலருந்து ஃபைனல் பில்லே ரெண்டு மணிக்குத்தான் போகுதுன்னா அவங்களக் குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது?

நாங்க பிடிச்ச எடம் முந்தின நாள் சாயங்காலம். நாளைக்கு யார் போவாங்கன்னு பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ்லயே சொல்லணும், நைட் டியூட்டி டாக்டர் சம்மரிய பாதி எழுதி வெக்கணும், மருந்து ராத்திரியே திரும்பணும். காலைல பாத்துட்டு மாத்திக்கலாம், தப்பில்ல. பெரிய டாக்டர்கள் ரெண்டு பேர் ரொம்ப நாள் ஒத்துக்கல, "நான் காலைல பாத்துத்தான் முடிவு பண்ணுவேன்"னு. அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. அதனால "போகலாம்", "பாத்துச் சொல்றேன்"னு ரெண்டு பட்டியல் வெச்சோம், சண்டை நின்னுது.

இப்ப காலிப் பெட். நிர்வாகம் காலிப் பெட்ட நஷ்டம்னு பாக்குது. 1999ல இங்கிலாந்துல கம்ப்யூட்டர்ல ஆஸ்பத்திரி மாதிரி ஓட்டிப் பாத்த ஒரு ஆய்வு சொன்னது, பெட் 85 சதவீதத்துக்கு மேல நெறஞ்சா எடமில்லாமப் போற நாள் தெரிய ஆரம்பிக்கும், 90 தாண்டினா அடிக்கடி முட்டும். ஏன்னா அவசரக் கேஸ் சொல்லிட்டு வர்றதில்ல. திருவிழா முடிஞ்ச ராத்திரி பஸ் கவுந்தா ஒரே நேரத்துல பதினஞ்சு பேர் வருவாங்க. அன்னிக்கு அந்த காலிப் பெட்டும், "சும்மா" இருக்கற அந்த ஒரு நர்ஸும்தான் ஆஸ்பத்திரி. கார் தொழிற்சாலைல நாளைக்கு எத்தன வண்டின்னு முன்னாடியே ஓரளவு சமப்படுத்தி வெச்சுக்க முடியும், நமக்கு அது கெடையாது. லீன் புத்தகத்துலருந்து நேரா எடுக்கக்கூடாத ஒரே எடம்னா எனக்கு இதுதான்.

13 ஜூன், காலை 7:55

டார்கெட் வெச்சா சரியாகிடும்னு நெனைக்கறவங்களுக்கு இங்கிலாந்து கதை. கேஷுவாலிட்டிக்கு வந்தவங்க நாலு மணி நேரத்துக்குள்ள வெளிய போகணும்னு விதி, முதல்ல 98 சதவீதம், 2010ல 95 ஆக்கினாங்க. காத்திருப்பு குறைஞ்சது நெஜம். ஆனா நேரக் கணக்க வரைஞ்சு பாத்தா நாலு மணி நெருங்கற கடைசி நிமிஷங்கள்ல ஒரு கோபுரம் நிக்கும், அந்நேரம் எல்லாரையும் மேல தள்ளியிருக்காங்க. அதே காலத்துல ஸ்டாஃபர்ட் ஆஸ்பத்திரில ஒரு கோடி பவுண்ட் மிச்சம் பிடிக்கறோம்னு வேலையிடங்கள வெட்டினாங்க, 2009ல விசாரணை அறிக்கை வந்தப்ப பாத்தா கேஷுவாலிட்டில வர்றவங்களோட அவசரத்த ரிசப்ஷன்ல இருக்கறவங்களே பாத்து முடிவு பண்ணிட்டு இருந்திருக்காங்க. தம்பி, இத உங்க மீட்டிங்ல சொல்லுங்க. லீனுக்கு எதிரா இல்ல, நர்ஸக் குறைக்கறதுக்கு எதிரா.

15 ஜூன், இரவு 8:35

ஜிஹெச் சிஸ்டர் ஒருத்தங்க, "இதெல்லாம் உங்க மாதிரி எடத்துக்குத்தான், எங்க கூட்டத்துல நடக்காது"ன்னு எழுதியிருக்காங்க. அக்கா, பாதி உங்ககிட்டதான் முதல்ல வந்தது. தமிழ்நாடு விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்துல, அதான் டேய்னு சொல்றோமே, அவசரத்தப் பாத்து சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு வாசல்லயே பிரிக்கறதும், 108லருந்து முன்கூட்டியே தகவல் வர்றதும் அரசு ஆஸ்பத்திரிக்காகக் கொண்டு வந்ததுதான். 108 வண்டி 2008லருந்து ஓடுது, அதுல இருக்கற டெக்னீஷியன் சொல்ற அந்த ரெண்டு நிமிஷத் தகவல எடுத்து எழுத கேஷுவாலிட்டில ஒரு ஆள் இருந்தாலே ஹெல்சின்கில செஞ்சதுல முதல் படி வந்தாச்சு. ஏஆர் (விபத்துப் பதிவேடு) என்ட்ரி, போலீஸ் இன்டிமேஷன் எல்லாத்தையும் சிகிச்சை பாக்கற அதே டாக்டர் எழுதிட்டு இருக்கறதுதான் அங்க பெரிய தேக்கம்னு எனக்குத் தோணுது, உள்ள இருக்கற நீங்கதான் சரியா சொல்லணும்.

15 ஜூன், இரவு 10:02

சிஸ்டர் பதில் போட்டுட்டாங்க: ஏஆர் இல்லையாம், கூட வர்ற சொந்தக்காரங்க கூட்டம்தானாம். ஒரு பேஷன்ட்டுக்கு எட்டுப் பேர், ட்ராலி திரும்ப எடமில்ல. ஒத்துக்கறேன். அவங்க செஞ்சது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஒரு ஆயாம்மாவ கூட்டத்துக்கு விவரம் சொல்றதுக்குன்னே நிறுத்தியிருக்காங்க. "உங்க ஆளு இப்ப ஸ்கேன்ல, அரைமணி ஆகும், ஒருத்தர் மட்டும் வாங்க"ன்னு சொன்னாலே மீதிப் பேர் வெளிய உக்காந்துடறாங்களாம். தகவல் தெரியாததாலதான் உள்ள வந்து நிக்கறாங்க. எந்த ட்ரெய்னிங்லயும் இது கெடைக்காது.

18 ஜூன், மாலை 4:20

ஆயாம்மான்னதும் ஒண்ணு. சியாட்டில்ல வர்ஜீனியா மேசன் ஆஸ்பத்திரிக்காரங்க 2002ல ஜப்பானுக்கே போய்ப் பாத்துட்டு வந்து கொண்டு வந்தது, தப்பு நடக்குதுன்னு பட்டா யாரா இருந்தாலும் வேலய நிறுத்தச் சொல்லலாம், டொயோட்டால கயிறு இழுத்து லைன நிறுத்தற மாதிரி. எங்க கேஷுவாலிட்டில ஒரே பேர்ல ரெண்டு பேஷன்ட் அடுத்தடுத்த பெட்ல இருந்தப்ப, ரத்த பாட்டில் தப்பான பெட்டுக்குப் போகுதுன்னு நிறுத்தினது தரை தொடைச்சிட்டு இருந்த அம்மா. "சிஸ்டர், அந்த அய்யாவுக்குத்தானே இப்ப ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க"ன்னாங்க. அவங்களுக்கு அதச் சொல்ல தைரியம் இருந்தது, அதுக்கு முன்னாடி ஒரு தடவ வேற ஒண்ண சொன்னப்ப யாரும் அவங்களத் திட்டாததால.

21 ஜூன், இரவு 11:15

தம்பி எழுதியிருக்கார், மீட்டிங் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போச்சாம், என்ன கொண்டு போகணும்னு கேக்கறார். ராத்திரி மணிவாரியா எத்தன பேர் வந்தாங்கன்னு ரெஜிஸ்டர்லருந்து எடுங்க, சராசரி போடாதீங்க, அதிகமா வந்த ராத்திரிகளத் தனியா காட்டுங்க. அந்த ராத்திரிகள்ல சிவப்புக் கேஸ் ரெண்டு ஒரே நேரத்துல வந்தது எத்தன தடவன்னு குறிங்க. சிவப்பு ஒண்ணுக்கு நர்ஸ் ரெண்டு பேர் வேணும்னு எல்லாருக்கும் தெரியும், மீதிய அவங்களே கணக்குப் போட்டுக்குவாங்க. கூடவே ட்ரெய்னிங் கொடுத்தவரையே ஒரு ராத்திரி கேஷுவாலிட்டில வந்து நிக்கக் கூப்பிடுங்க, நேர்ல போய்ப் பாருன்னு சொன்னது டொயோட்டாதான், அவரால மறுக்க முடியாது.

22 ஜூன், காலை 8:05

ட்ரையாஜ் டேபிள், அதான் வர்றவங்க அவசரத்தப் பாத்துப் பிரிக்கற டேபிள், எங்க போடறதுன்னு கேட்டது விட்டுப்போச்சு. வாசலுக்கு உள்ள, ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னால. நர்ஸ் பாத்தப்புறம்தான் பேர் பதியணும். ஸ்ட்ரெச்சர் ரெண்டு எதிரெதிரா வந்தா திரும்பற அளவு எடம் விடுங்க, பிபி மெஷினும் சுகர் பாக்கறதும் டேபிள்லயே, ஈசிஜி மெஷின் கை எட்டற தூரத்துல. கம்ப்யூட்டர சுவர் பக்கம் வெக்காதீங்க, நர்ஸ் முதுகக் காட்டிட்டு உக்கார வேண்டி வரும், வாசல் தெரியாது.